60 வருஷத்து வைனும் ஒரு மூக்கும்

நீளமான பதிவு மக்களே. இப்போ நேரம் இல்லைன்னா சேமிச்சு வச்சுட்டு ராத்திரி வாங்க. ஒரு வைன் பாட்டிலில் ஆரம்பிச்சு மூளை நரம்பில் போய் நிற்கும்.

கமெண்ட்டில் வந்து "டாக்டரா இருந்துக்கிட்டு குடிக்கு விளம்பரமா"ன்னு கேட்கப் போறவங்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன். மதுவில் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிடுச்சு. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் முதல் பிரிவில் ஆல்கஹால் இருக்கு. "ரெட் வைன் இதயத்துக்கு நல்லதாமே"ன்னு யாராவது கேட்டா, திராட்சையாவே வாங்கிச் சாப்பிடுங்கன்னுதான் சொல்லுவேன். அன்னைக்கு நான் குடிச்சது மொத்தமா நாலு மடக்கு இருக்கும். ஆனா மோந்து பார்த்தது ரெண்டு மணி நேரம். இந்தப் பதிவு அந்த மோந்து பார்த்த கதை.

2024 நவம்பர். இத்தாலியில் டூரின் நகரத்துக்கு ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போயிருந்தேன். இங்கிலாந்தில் என்னோட ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தோழி ஒருத்தி இப்போ அங்கேதான் இருக்கா, மயக்க மருந்து நிபுணர். "சனிக்கிழமை எங்க அப்பா வீட்டுக்குச் சாப்பிட வா. ஒரு பாட்டில் திறக்கப் போறோம்"னு கூப்பிட்டா. (அவங்க குடும்பத்தோட அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதறேன். பெயர், ஊர் பெயர் வேண்டாம்.)

டூரினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆல்பா என்ற ஊரைச் சுத்தி இருக்கிற மலைச்சரிவு முழுக்க திராட்சைத் தோட்டம். லாங்கே பகுதின்னு சொல்வாங்க. 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நிலப்பரப்பு. ஆனா நான் எதையும் பார்க்கலை. பத்தடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையா மூடுபனி. அங்கே விளையற திராட்சைக்கு நெப்பியோலோன்னு பெயர். இத்தாலிய மொழியில் "நெப்பியா" என்றால் மூடுபனி, அதிலிருந்து வந்த பெயர்னு சொல்றாங்க. அந்தத் திராட்சையில் செய்யறதுதான் பரோலோ வைன்.

பெரியவருக்கு 85 வயசு. ஆல்பாவில் இருக்கிற ஃபெர்ரேரோ சாக்லேட் தொழிற்சாலையில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், ஹேசல்நட் வறுக்கிற பிரிவில். வறுபட்டது போதுமா இல்லையான்னு மூக்கை வச்சே சொல்லுவாராம். (சும்மா ஒரு தகவல்: நுட்டெல்லாவின் முதல் ஜாடி அதே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது 1964-ல்.) அவருக்குக் கல்யாணம் ஆனதும் அதே வருஷம், அறுவடை முடிஞ்ச நவம்பர் மாசம். அந்த வருஷத்துத் திராட்சை மரப்பீப்பாயில் சில வருஷம் கிடந்து பாட்டிலுக்கு வந்தப்போ, தெரிஞ்ச தோட்டக்காரர்கிட்ட ஒரு டஜன் பாட்டில் வாங்கி நிலவறையில் அடுக்கியிருக்கார். வீட்டில் முக்கியமான நாள் வந்தால் மட்டும் ஒண்ணு திறக்கறது. 1964 பரோலோவுக்கு அருமையான வருஷம் என்பது அப்புறம்தான் ஊருக்கே தெரிஞ்சதாம். இவர் கல்யாண வருஷம்னு வாங்கியதுதான்.

பதினொண்ணு தீர்ந்துபோச்சு. இது பன்னிரண்டாவது. மனைவி 2019-ல் இறந்துட்டாங்க. இருந்திருந்தால் அன்னைக்கு 60-வது கல்யாண நாள்.

பாட்டிலை ரெண்டு நாள் முன்னாடியே நிலவறையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வச்சிருந்தார், வண்டல் அடியில் இறங்கணும்னு. லேபிளில் நிலவறை ஈரத்தில் பாதி எழுத்து போயிருந்தது. இன்னைக்கு பரோலோ பாட்டிலின் கழுத்தில் ஒட்டற அரசாங்கப் பட்டை எதுவும் இதில் இல்லை. பரோலோவுக்கு டி.ஓ.சி. அங்கீகாரமே 1966-ல்தான் கிடைச்சது. இந்தத் திராட்சை அதைவிட ரெண்டு வருஷம் மூத்தது. வைன் மட்டம் கழுத்திலிருந்து இறங்கி தோள்பட்டைகிட்ட நின்றது. இத்தனை வருஷத்தில் தக்கை வழியா அவ்வளவு ஆவியாகியிருக்கு.

வாயைச் சுத்தியிருந்த உறை ஈயத்தகடு. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். ஈரத்துணியால் நல்லாத் துடைச்சிடுங்கன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே துடைச்சுட்டார். இவ்வளவு பழைய தக்கையைத் திருகு போட்டு இழுத்தால் ரஸ்க் மாதிரி உதிர்ந்துடும். அதனால ரெண்டு மெல்லிய தகடு கால் இருக்கிற ஒரு திறப்பான் வச்சிருந்தார். தகடு ரெண்டையும் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாத்தி மாத்தி இறக்கி, திருகிக்கிட்டே மேலே தூக்கணும். அதைச் செய்ய அவருக்கு ரொம்ப நேரம் ஆச்சு. வலது கை தயங்கித் தயங்கி வேலை செஞ்சது. மகள் "நான் பண்ணட்டுமாப்பா"ன்னு கேட்டா, விடலை. வயசு 85, மெதுவாத்தான் இருக்கும்னு நானும் நினைச்சேன். கை நடுங்கலையே.

தக்கை முக்கால்வாசி வந்து உடைஞ்சது. மீதியையும் பொறுமையா எடுத்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தைப் பாட்டில் கழுத்துக்குப் பின்னாடி வச்சு, வண்டல் நகர்றதைப் பார்த்துக்கிட்டே மகள் மெதுவா ஊத்தினா. நிறம் சிவப்பே இல்லை. லேசான டீ டிக்காஷனில் செங்கல் தூள் கலந்த மாதிரி ஒரு நிறம். புதுசா இருக்கும்போது இந்த வைன் பிஞ்சு வாழைக்காயைக் கடிச்ச மாதிரி நாக்கை இழுக்குமாம். டானின். வருஷம் போகப் போக டானின் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு, நிறமியையும் இழுத்துக்கிட்டு, வண்டலா அடியில் படிஞ்சிடும். அதான் நிறமும் வெளுக்குது, துவர்ப்பும் குறையுது.

அதுக்குள்ள சாப்பாடு வந்தது. தாயரின்னு ஒரு நூடுல்ஸ், முட்டை மஞ்சள் கரு நிறையப் போட்டு மெல்லிசா வெட்டினது. வெண்ணெய் மட்டும் போட்டு, மேலே வெள்ளை ட்ரஃபிள் சீவிப் போடறாங்க. சாக்லேட் ட்ரஃபிள் இல்லீங்க. மண்ணுக்கடியில் மரவேரோட ஒட்டி வளர்ற காளான் வகை, நாய் வச்சு மோப்பம் பிடிச்சுத் தோண்டி எடுப்பாங்க. தங்க விலை. அந்தச் சீவல் சூடான வெண்ணெயில் பட்டதும் வந்த வாசனை, பூண்டும் தேனும் கேஸ் அடுப்பும் கலந்தது, அறை முழுக்க நிறைஞ்சது. எனக்கு முதல் நிமிஷம் திணறிச்சு.

பெரியவர் சீவிக்கிட்டே இருந்தார். நிறுத்தவே இல்லை. 16 வயசுப் பேரன் தட்டில் சேர்ற மலையைப் பார்த்துச் சிரிச்சான். பெரியவர் ஏதோ அலுத்துக்கிட்டார், தோழி மொழிபெயர்த்தா: "இப்பல்லாம் ட்ரஃபிளுக்கு மணமே இல்லையாம். மழை மாறிப்போச்சாம்."

எனக்கு முள்கரண்டி கையிலேயே நின்னுபோச்சு.

ஏன்னா இந்த வசனத்தை நான் எங்க வீட்டில் கேட்டிருக்கேன். "இப்பல்லாம் மல்லிகைப்பூவே மணக்கறதில்லடா, என்ன மருந்தடிக்கறானுங்களோ." எங்க அம்மா. அப்புறம் பெருங்காயம் கலப்படம்னு மூணு கம்பெனி மாத்தினாங்க. ரசத்தில் மணம் இல்லைன்னு சமையல்காரம்மாவோட சண்டை. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ஞ்சு பாத்திரம் கருகி புகை வர்ற வரைக்கும் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாங்க. நான் அப்போ எம்.டி. முடிச்சு நாலு வருஷம் ஆன பொது மருத்துவர். தினமும் 80 நோயாளி பார்க்கிறேன். அம்மா சொன்னதை வயசான காலத்துப் புலம்பல்னு காதில் வாங்கிட்டு விட்டுட்டேன். ஆறு வருஷம் கழிச்சு அம்மாவுக்கு பார்க்கின்சன் நோய்னு உறுதியானப்போதான், அந்த மல்லிகைப்பூ எனக்கு ஞாபகம் வந்தது.

இங்கே கொஞ்சம் மருத்துவம். பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம்தான் எல்லாருக்கும் தெரியும். நடுக்கமே இல்லாமலும் அது தொடங்கலாம். நடுக்கத்துக்கும் நடைத் தளர்ச்சிக்கும் பல வருஷம் முன்னாடியே வாசனை தெரியாம போறது ரொம்பப் பேருக்கு நடக்குது. ஆல்ஃபா சைனூக்ளீன் என்ற புரதம் நரம்பணுக்களில் கட்டி கட்டியாச் சேர்றதுதான் இந்த நோயில் நடக்கிற விஷயம். அது முதல்ல சேரக்கூடிய இடங்களில் ஒண்ணு, மூக்கிலிருந்து வர்ற செய்தியை வாங்குற மூளைப் பகுதி. சிக்கல் என்னன்னா, கண் மங்கினால் "எனக்குக் கண் தெரியலை"ன்னு சொல்வோம், காது போனால் ஒருவேளை "சத்தமாப் பேசு"ன்னு சொல்வோம். வாசனை மெல்ல மெல்லப் போகும்போது யாரும் "என் மூக்கு போச்சு"ன்னு வந்து நிக்கறதில்லை. பூவைக் குறை சொல்வாங்க. காய்கறியை, காப்பிக் கம்பெனியை, மருமகள் சமையலை, மழையை.

பெரியவர் கிளாஸைத் தூக்கினார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். ரொம்ப நேரம். ஒரு மடக்கு குடிச்சார். கிளாஸைத் தள்ளி வச்சுட்டு ஒரே வார்த்தை சொன்னார். "மோர்த்தோ." செத்துப்போச்சு.

அப்புறம் எழுந்து, பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கொட்டப் போனார். இத்தனை வருஷம் வச்சிருந்தது தப்பு, அவள் இருக்கும்போதே திறந்திருக்கணும்னு சொன்னாராம். தோழி பாட்டில் மேல கை வச்சுத் தடுத்தா. "அப்பா, ரோஜா வருதுப்பா." அவர் நம்பலை. மகள் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்னு நினைச்சார். "வறுக்கிற கொட்டையில ஒண்ணு கருகினாலும் கண்டுபிடிச்ச மூக்கு இது"ன்னார். பேரனுக்கு மோந்து பார்க்க மட்டும் அனுமதி. அவனும் தலையை ஆட்டினான். அவனையும் நம்பலை. கடைசியில் என் பக்கம் திரும்பினார். அந்நியர், பொய் சொல்லத் தேவையில்லாதவர், நீங்க சொல்லுங்க.

எனக்கு வைன் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஊத்தின உடனே நான் மோந்தப்போ பூட்டி வச்ச பழைய மர பீரோவைத் திறந்த மாதிரிதான் இருந்தது, உண்மையைச் சொல்லணும்னா கொஞ்சம் ஏமாற்றம். ஆனா காத்துப் பட்டு இருபது நிமிஷம் ஆனதுக்கப்புறம் அது வேற ஒண்ணா மாறியிருந்தது. சாமிக்குச் சாத்தி மறுநாள் காய்ஞ்சுபோன ரோஜா மாலை. கூடவே மத்தியான வெயிலில் புதுசாப் போட்ட ரோட்டுத் தார். அடியில் ஈர மண், கொஞ்சம் புகையிலை. அப்படியே சொன்னேன். தோழி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் முகம் மாறிச்சு. தாரும் ரோஜாவும்தான் பரோலோவின் அடையாளமாம், ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாங்களாம். எனக்கு அது தெரியாதுன்னு அவருக்கும் தெரியும்.

நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி. அவ்வளவுதான். நம்ம அறுசுவையில் துவர்ப்பும் காரமும் இருக்கு, ஆனா நவீன மருத்துவக் கணக்கில் அது ரெண்டும் தொடு உணர்ச்சி, வலி உணர்ச்சியோட சேர்ந்தது. நாம "ருசி"ன்னு சொல்றதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டை வழியா மூக்குக்கு ஏறுகிற வாசனை. வாசனை போன ஒருத்தருக்கு 60 வருஷத்து பரோலோ என்பது லேசாத் துவர்க்கிற புளிச்ச தண்ணி. அவர் பொய் சொல்லலை. அவர் வாயில் அது செத்துத்தான் போயிருந்தது.

அவரே எழுந்து போய் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். பள்ளிக்கூட நோட்டு. பன்னிரண்டு பாட்டிலில் ஒவ்வொண்ணும் எப்போ திறந்தது, எதுக்குத் திறந்தது, எப்படி இருந்ததுன்னு எழுதி வச்சிருக்கார். முதல் பதிவு 1974, தோழி பிறந்தப்போ. "பல்லைப் பிடிக்குது, அவசரப்பட்டுட்டோம்." பெரிய பெரிய எழுத்து, பக்கம் பாதிக்கு ஓடியது. அவள் டாக்டர் பட்டம் வாங்கினது, கல்யாணம், 2014-ல் பொன்விழா. பதினொண்ணாவது 2017, பேரனுடைய புதுநன்மை நாள். அந்தப் பக்கம் வந்ததும் நான் நோட்டைக் கையில் வாங்கிக்கிட்டேன். எனக்கு இத்தாலி மொழி தெரியாது, ஆனா எழுத்தின் அளவைப் பார்க்க மொழி தேவையில்லையே. வரி தொடக்கத்தில் ஓரளவு இருந்த எழுத்து, வரி முடியும்போது எறும்பு வரிசை ஆகிடுச்சு. மைக்ரோகிராஃபியான்னு பாடத்தில் படிச்சது.

என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். தோழி வாசிச்சா. "மூடிக்கிட்டிருக்கு. ஒண்ணும் பேச மாட்டேங்குது." அதுக்குக் கீழே வேற பேனா, வேற கையெழுத்து, அவங்க அம்மாவோடது: "எல்லா ரோஜாவும் இருக்கு. உனக்கு ஜலதோஷம்."

இது 2017. 2022-ல் அவருக்குக் கோவிட் வந்துபோயிருக்கு, அதனாலதான் சாப்பாட்டில் ருசி இல்லைன்னு தோழி இத்தனை நாள் நினைச்சிருந்தா. நியாயமான நினைப்புதான். ஆனா நோட்டு அஞ்சு வருஷம் முன்னாடியே சொல்லிடுச்சு.

மேஜையில் உட்கார்ந்து விருந்து கொடுத்தவரைப் பரிசோதிக்கிற அநாகரிகத்தை நான் செய்யலை. தேவையும் படலை. அவர் அந்த ஜலதோஷ வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்தார். மூடினார். திரும்ப வந்து உட்கார்ந்தார். "காப்பிக் கம்பெனிக்காரன் மாத்திட்டான்னு நினைச்சேன்"னார்.

அப்புறம் கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு மகளிடம், "சொல்லு. இப்போ என்ன வருது?"

அடுத்த ஒரு மணி நேரம் அதுதான் நடந்தது. மகள் மோந்து சொல்வா, அவர் ஒரு சொட்டு வாயில் வச்சுக் கண்ணை மூடிக்குவார். இறைச்சி, சீஸ் எல்லாம் வந்தது, யார் கவனிச்சா. பன்னிரண்டாவது பதிவை என்னை எழுதச் சொன்னார், என் மொழியில். "2024 நவம்பர். காய்ந்த ரோஜா மாலை, தார், ஈர மண், புகையிலை"ன்னு தமிழில் எழுதிக் கொடுத்தேன். சுத்தி வளைஞ்ச எழுத்தைப் பார்த்து இது அழகா இருக்குன்னார். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். பொடி எழுத்து.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாமோன்னு ஒரு பக்கம் மனசு. கல்யாண நாள், கடைசி பாட்டில், அதில் போய் நோயைப் பேசணுமா. ஆனா என் அம்மா விஷயத்தில் ஆறு வருஷம் போனது எனக்கு மறக்கலை. "உங்க அப்பா தூக்கத்தில் கை காலை உதைப்பாரா, கத்துவாரா?" கனவில் நடக்கிறதை உடம்பும் சேர்ந்து செய்யற ஒரு தூக்கக் கோளாறு உண்டு, பார்க்கின்சனுக்குப் பல வருஷம் முன்னாடியே வரலாம். அவள் ரொம்ப நேரம் பேசலை. வைப்பர் சத்தம் மட்டும். அப்புறம், "அம்மா அதனாலதான் தனி அறைக்குப் போனாங்க. நாங்க அதை ஜோக்கா சொல்லிக்கிட்டு இருந்தோம்."

நடுவில் உங்களுக்கு ஒண்ணு. வீட்டில் பெரியவங்க யாராவது "எதுக்கும் மணம் இல்லை"ன்னு சொன்னா உடனே பார்க்கின்சன்னு பயந்துடாதீங்க. வயசு, சைனஸ், மூக்கில் சதை, கோவிட், புகைப் பழக்கம்னு காரணங்கள் நிறைய. முதல்ல ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்கட்டும். ஆனா அதோட மலச்சிக்கல், தூக்கத்தில் உதைக்கறது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாம இருக்கறது, எழுத்து சுருங்கறது, குரல் தணியறது இதெல்லாம் சேர்ந்தால் நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நோயை நிறுத்த இன்னும் மருந்து இல்லைதான். ஆனா நடக்க, எழுத, எழுந்து உட்கார உதவுற மருந்து இருக்கு. தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் நாம மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்குற சில மாத்திரைகள், சின்னரிசின், மெட்டோகுளோபிரமைடு மாதிரி, இந்த நோயாளிகளுக்கு நிலைமையை மோசமாக்கும் என்பதாவது தெரிஞ்சிருக்கும். இன்னொண்ணு, காரணம் எதுவா இருந்தாலும் வாசனை தெரியாதவர் தனியா சமைக்கிற வீட்டில் கேஸ் கசிவு அலாரம் ஒண்ணு மாட்டிடுங்க. கேஸில் சேர்க்கிற நாத்தமும் ட்ரஃபிள் மணமும் கந்தகக் குடும்பம்தான். அதை மோக்க முடியாதவர் இதையும் மோக்க மாட்டார்.

ஜனவரியில் தோழி கூப்பிட்டா. நரம்பியல் டாக்டர் பார்த்திருக்கார், பார்க்கின்சன்தான். லெவோடோபா தொடங்கியாச்சு. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கறார், படியிறங்கி நிலவறைக்குப் போய் வர்றார். வாசனை திரும்பலை. அந்த மருந்தால் அது திரும்பாதுன்னு அவளுக்கும் தெரியும், அவருக்கும் சொல்லியிருக்கா.

காலி பாட்டிலை அவர் தூக்கிப் போடலையாம். வண்டலோட அப்படியே ஜன்னலோரம் வச்சிருக்கார், உடைஞ்ச தக்கையை மேலே செருகி. பேரன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து அதைத் திறந்து மோந்து பார்த்துத் தாத்தாவுக்குச் சொல்லணுமாம். போன வாரம் "வினிகர்"னு சொல்லியிருக்கான். இல்லை, இன்னொரு தடவை பாருன்னாராம்.